ஆல்ஃபிரட் ப்யூகி: புகையை வேலை வாங்கியவர்

பழைய சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ வாங்கப் போகிறவர்கள் தவறாமல் விசாரிக்கும் விஷயம், அதில் இருப்பது எந்த டர்போ என்பது. கம்ப்ரஸர் கூட்டின் மேல் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அமெரிக்காவில் 2004 முதல் 2006 வரை விற்ற வண்டியென்றால் அதில் விஎஃப்39 என்றிருக்க வேண்டும். ஐஎச்ஐ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்பு. விஎஃப்36, விஎஃப்37 என்றால் ஜப்பானிய உள்நாட்டு வண்டிக்குரியது. ஆனால் கூட்டைக் கழற்றி வேறொரு டர்போவில் மாட்டிவிட முடியும் என்பதால், தகட்டை முழுக்க நம்புவதற்கில்லை. சந்தேகம் வந்தால் டர்போவை இறக்கி, எஞ்சின் புகை நுழையும் வாயைப் பார்க்க வேண்டும். விஎஃப்39க்கு ஒரே துளை. ஜப்பானிய வகைகளில் நடுவே ஒரு சுவர் வாயை இரண்டாகப் பிரித்திருக்கும். ட்வின் ஸ்க்ரோல் என்று விளம்பரப்படுத்தப்படுவது அதுதான்.

அந்தச் சுவரின் கதை ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் தொடங்குகிறது. ஆல்ஃபிரட் ப்யூகி 1879 ஜூலை 11 அன்று அங்கே பிறந்தார். (ஆங்கிலேயர்கள் இவரை 'புச்சி' ஆக்கிவிடுவதுண்டு. நம் இடைக் ககரம் அசல் உச்சரிப்புக்கு எவ்வளவோ பக்கம்.) தந்தை சுல்சர் எந்திரத் தொழிற்சாலையில் உயர்பதவியில் இருந்தார். மகன் 1899ல் சூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்து 1903ல் பொறியாளரானார். பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்த அந்த வருடங்களில் அவரை ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. அதைப் பிடித்து ஒரு டர்பைனைச் சுழற்றினால், அந்த டர்பைன் ஒரு கம்ப்ரஸரைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்குமே?

1905 நவம்பர் 16 அன்று ஜெர்மானியக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில் அதே சூரிச் பாலிடெக்னிக்கின் இன்னொரு பழைய மாணவர், ஐன்ஸ்டைன், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா. விண்ணப்பம் போனது ஜெர்மன் அலுவலகத்துக்கு என்பதால் கதை கட்ட இடமில்லை!

காப்புரிமை கிடைத்ததே தவிர எந்திரம் ஓடவில்லை. ஊர் திரும்பி சுல்சரில் சேர்ந்தார். 1911ல் அங்கே சோதனைகள் தொடங்கின. 1915ல் உருவான மாதிரியால் போதிய அழுத்தத்தைத் தக்கவைக்க முடியவில்லை. அன்றைய கம்ப்ரஸர்களின் திறன் அவ்வளவுதான். அதற்குள் முதல் உலகப்போர். பிரான்சில் ராட்டோ விமான எஞ்சின்களுக்கு டர்போ பொருத்தினார். அமெரிக்காவில் சான்ஃபர்டு மாஸ் 1918ல் சுமார் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு எஞ்சினை ஏற்றிச் சென்று, மெல்லிய காற்றிலும் சக்தி குறையாமல் ஓட்டிக் காட்டினார். யோசனைக்குச் சொந்தக்காரர் தோற்ற மாதிரியோடு நிற்க, மற்றவர்கள் வானத்தில் பறந்தார்கள். நாற்பதை நெருங்கும் ஒரு பொறியாளருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

விடை வந்தது 1925ல். சிலிண்டரிலிருந்து புகை சீராக வருவதில்லை. வால்வு திறக்கும்போதெல்லாம் ஓர் அடி போல வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்தால் ஒரு சிலிண்டரின் அடி, காலியாகிக் கொண்டிருக்கும் இன்னொன்றின் வாயை அடைக்கிறது. ப்யூகி குழாய்களைக் குறுகலாக்கிப் பிரித்தார். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத சிலிண்டர்களை மட்டும் ஒரு குழாயில் சேர்த்து, ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே டர்பைன் வரை கொண்டுபோனார். இரண்டு அடிகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் விழுகிறது. அந்தக் கணத்தில் உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருந்தால், புதுக்காற்று மிச்சப் புகையைத் துடைத்துத் தள்ளிவிட்டு சிலிண்டரையும் குளிர்விக்கிறது. வீட்டின் முன்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைப்பது போலத்தான். எஞ்சினின் சக்தி 40 சதவீதம் கூடியது.

அடுத்தது வேகமாக நடந்தது. ஜெர்மனியின் பிராய்சன், ஹான்ஸஸ்டாட் டான்சிக் என்ற இரு பயணிகள் கப்பல்களில் பத்து சிலிண்டர் மான் எஞ்சின்கள் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்கு உயர்ந்தன. 1926ல் பிரவுன் பொவேரியும் ஸ்விஸ் லோகோமோட்டிவ் நிறுவனமும் ப்யூகியோடு ஒரு கூட்டமைப்பில் இணைந்தன. எஞ்சின் ஒருவர், டர்போ ஒருவர், யோசனையும் வாடிக்கையாளரும் ப்யூகியின் பொறுப்பு. 1938ல் சவ்ரர் நிறுவனம் டர்போ பொருத்திய லாரி எஞ்சினைக் கொண்டுவந்தது.

ப்யூகி 1959 அக்டோபர் 27 அன்று விண்டர்தூரிலேயே காலமானார். டர்போ பொருத்திய கார்களை அவர் பார்க்கவில்லை. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடரும் கடைக்கு வந்தது 1962ல்.