மனச்சான்றின் காவலர்

நல்வாழ்வு சூழ்ந்திருக்கும் காலத்தில் இறைவனிடத்து அன்பு பூண்டொழுகுதல் எவர்க்கும் எளிது. பதவியும் பொருளும் உயிரும் ஒருங்கே நீங்கும் நிலை வந்துற்றபோதும், தாம் கொண்ட நம்பிக்கையினின்று வழுவாதிருத்தல் சிலர்க்கே இயல்வதாகும். அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் மோர்.

இவர் 1478-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்றார். இளமையில் துறவு பூண எண்ணியவர், இல்லறமே தமக்கு ஏற்றதெனத் தெளிந்தார். எனினும் உடலை உறுத்தும் முரட்டு மயிராடையைப் பிறர் அறியாவண்ணம் உள்ளே அணிந்து நோன்பிருந்தார். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், தம் புதல்வியர்க்கும் புதல்வனுக்கு ஒப்பவே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மூத்த மகள் மார்கரெட் தந்தையின் உள்ளமறிந்த புலமைச் செல்வியாக விளங்கினாள். 1516-இல் அவர் வெளியிட்ட ‘உட்டோப்பியா’ என்னும் நூல் ஐரோப்பிய அறிஞரிடையே அவர் புகழைப் பரப்பிற்று.

எட்டாம் ஹென்றி மன்னர் 1529-இல் மோருக்குச் சான்சலர் என்னும் உயர்பதவியை அளித்தார். அப்பதவியில் இருந்த நாளில், சமயக் கருத்தில் மாறுபட்டோரிடம் மோர் கடுமை காட்டினார். அது அவர் வாழ்வில் மறைக்கலாகாத குறையேயாம். ஆயின் அவரது நம்பிக்கைக்கும் சோதனைக் காலம் விரைவில் வந்தது.

மன்னர் தம் மனைவி கேதரின் அரசியாரை நீக்கிவிட்டு ஆன் பொலின் என்பவரை மணக்க விழைந்தார். போப்பாண்டவர் அதற்கு இசையவில்லை. எனவே மன்னர் தம் நாட்டுத் திருச்சபையைத் தம் ஆட்சிக்கு உட்படுத்த முற்பட்டார். திருச்சபையின் தலைமை அரசர்க்கு உரியதன்று என்பது மோரின் துணிபு. ஆதலின் 1532-இல் பதவியைத் துறந்தார். வருவாய் குன்றியது, எனினும் மன்னரைப் பழித்து ஒரு சொல்லும் கூறாமல் அமைதியாக வாழ்ந்தார்.

அவ்வமைதியையும் மன்னர் பொறுத்திலர். 1534-இல், ஆன் அரசியாரின் மக்களே அரசுரிமைக்கு உரியவர் என அனைவரும் ஆணையிட்டு உறுதி கூறவேண்டுமென்று சட்டம் இயற்றப்பட்டது. அரசுரிமையை வகுப்பது பாராளுமன்றத்தின் உரிமை என மோர் ஒப்பினார். ஆனால் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுக்கும் கருத்து அவ்வுறுதிமொழியில் கலந்திருந்தமையால், அதனை ஏற்க மறுத்தார். இலண்டன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

சிறையில் அவருக்கு நேர்ந்த துன்பங்களுள் கொடியது எது? குளிரன்று, நோயன்று, அன்புடையாரின் கண்ணீரே ஆகும். மனைவி ஆலிஸ், வீட்டையும் மக்களையும் மறந்து சிறையில் கிடப்பதேன் என்று வருந்தினார். உறுதிமொழியை ஏற்றுவிட்ட அருமை மகள் மார்கரெட்டும் தந்தையை இணங்குமாறு வேண்டினாள். ஒரு சொல் சொன்னால் வீடு திரும்பலாம். மோரின் உள்ளம் உருகியது. உறுதி மட்டும் உருகவில்லை. உறுதிமொழி ஏற்றோர் எவரையும் அவர் பழிக்கவில்லை. அவரவர் மனச்சான்றுக்கு அவரவரே பொறுப்பு என்று கருதினார். முன்னர்ப் பிறரிடம் கடுமை காட்டியவர், இப்போது தம்மிடமே கடுமை காட்டினார்.

1535-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அவர்மீது வழக்கு விசாரணை நடந்தது. ரிச்சர்ட் ரிச் என்னும் அரசு அலுவலரின் சாட்சியத்தைக் கொண்டு அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அச்சாட்சியம் பொய்யென மோர் மறுத்தார். தீர்ப்புக்குப் பின்னரே தம் மௌனத்தைக் கலைத்துத் தம் நம்பிக்கையை வெளிப்பட உரைத்தார். கோட்டைக்குத் திரும்பும் வழியில், காவலரை விலக்கி ஓடிவந்த மார்கரெட் தந்தையைத் தழுவி அழுதாள். கண்டோர் கண்கலங்கினர்.

எழுதுகோல் மறுக்கப்பட்டிருந்த அவர், இறப்பதற்கு முந்திய நாள் கரித்துண்டால் மகளுக்கு இறுதிக் கடிதம் எழுதினார். தம் மயிராடையையும் அவளுக்கே அனுப்பினார். மறுநாள், ஜூலை 6-ஆம் நாள், கொலைக்களத்தில் தலை வெட்டுண்டு இறந்தார். மன்னருக்கு நல்ல ஊழியராகவும், மன்னரினும் முதன்மையாக இறைவனுக்கு ஊழியராகவும் அவர் உயிர் நீத்தார்.

400 ஆண்டுகள் கழிந்தபின், 1935-இல், கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. பகைவரின் அச்சுறுத்தலை வெல்வோர் பலர். அன்புடையாரின் கண்ணீரையும் தாங்கி, எவரையும் வெறாது, தம் நெஞ்சறிந்த உண்மையில் நிலைத்து நிற்பவரே உறுதி வாய்ந்தவர். மாணவர்களே, அவ்வுறுதியை நாமும் போற்றுவோமாக.