ஜான் டால்ட்டன்

பொருள்களெல்லாம் பகுத்தற்கரிய நுண்ணணுக்களாலாயவை என்னுங் கொள்கை மிகப் பழையது. கிரேக்க தேசத்துத் தெமாக்கிரிட்டஸும், நம் நாட்டு வைசேடிகரும் அதனைக் கூறிப் போந்தனர். ஆயினும் அது வாதத்தளவில் நின்றதேயன்றித் தராசில் ஏறிற்றில்லை. அங்ஙனம் ஏற்றிய பெருமை இங்கிலாந்து தேசத்து நெசவாளி ஒருவரின் மகனுக்குரியது. அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டால்ட்டன், கம்பர்லாந்து நாட்டு ஈகிள்ஸ்பீல்டு என்னுஞ் சிற்றூரில் 1766-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் குவேக்கர் சபையினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கலாசாலைகள் அக்காலத்தில் அரசாங்கத் திருச்சபையைச் சாராதார்க்குப் பட்டமளிப்பதில்லை. பன்னிரண்டாம் வயதிலேயே ஊர்ப்பள்ளி உபாத்தியாயரான அவர், பின்னர்க் கெண்டலிலும், 1793 முதல் மாஞ்செஸ்டரிலும் பாடஞ் சொல்லியே சீவித்தார்.

1787 முதல் நாடோறும் வானிலை குறித்து வந்தமையின் அவர் சிந்தை காற்றிலேயே தோய்ந்திருந்தது. கனத்த வாயு கீழும், இலேசான வாயு மேலுமாய்ப் பிரிந்து நில்லாமல் எங்குங் கலந்திருப்பதென்னை? இவ்வையமே அவரை அணுக்களின்பாற் செலுத்திற்று.

ஒரு கூட்டுப்பொருளை எவ்விதஞ் செய்யினும் அதன் உறுப்புக்களின் எடைவீதம் மாறாதென்பதைப் பிரெஞ்சு நாட்டுப் புரூஸ்ட் முன்னரே நாட்டினார். இரு மூலப்பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாய்க் கூடின் நிகழ்வது யாது என வினவினார் டால்ட்டன். 12 பங்கு கரியோடு 16 பங்கு பிராணவாயு சேரின் கார்பன் மானாக்ஸைடு; 32 பங்கு சேரின் கரியமில வாயு. ஒன்றுக்கு இரண்டு, இடைப்பட்ட அளவில் வேறில்லை. குட்டைச் சேற்றைக் கலக்கி எழுங் குமிழிகளிற் பிடித்த சதுப்பு வாயுவை எதிலீன் வாயுவோடு ஒப்பிட்டார். கரி ஒத்திருக்க, முன்னதில் ஹைட்ரஜன் இருமடங்கு. அணு பிளவாது, ஆதலின் ஒன்று சேரும், அன்றி இரண்டு சேரும், ஒன்றரை சேராது. 1803-ல் அணுவெடைகளுக்கு முதலட்டவணை வகுத்தார். 1808-ல் நூலாக வெளியிட்டார்.

நிற்க. அவருடைய கருவிகள் செம்மையானவையல்ல. நீரில் இரு மூலங்களுக்கும் ஒவ்வோர் அணுவே உண்டெனக் கொண்டு, பிராணவாயுவின் அணுவெடையை 7 என்றார். அக்கொள்கைப்படியே நோக்கினும் 8 ஆதல் வேண்டும். இதுபற்றி யாம் அவரைக் குறைகூறோம். எதனை நிறுக்கவேண்டுமென்று அவர் காட்டிய பின்னரன்றோ பெர்ஸீலியஸ் முதலியோர் செம்மையாக நிறுத்தனர்!

எமக்கு வருத்தந் தருவது பிறிதொன்று. வாயுக்கள் எளிய முழுவெண் கனவளவுகளிலேயே கூடுமென்று கேலுஸாக் 1808-ல் கண்டார். தம் கொள்கைக்குத் துணையாய் வாயிலில் வந்து நின்ற அவ்வுண்மையை டால்ட்டன் பிழையென்று தள்ளினார். 1811-ல் அவகாட்ரோ இரண்டையும் இணைக்க வழி காட்டியும் பயனில்லை. அவ்வழியைக் கனிஸாரோ 1860-ல் கார்ல்ஸ்ரூ மகாநாட்டில் எடுத்துரைக்கும்வரை இரசாயனிகள் அரை நூற்றாண்டு இடர்ப்பட்டனர்.

டால்ட்டனுக்குச் செந்நிறம் பிறர்க்குப்போலத் தோன்றாது. தம் கண்ணினுள் நீர் நீலமாயிருத்தல் வேண்டுமெனக் கருதி, இறந்தபின் சோதிக்குமாறு கட்டளையிட்டிருந்தார். 1844-ம் ஆண்டு ஜூலை 27-ல் அவர் இறந்தபின் சோதித்தனர். அது தெளிந்தே இருந்தது. சேமித்துவைத்த அக்கண்ணின் துணுக்கை 1995-ல் ஆராய்ந்தோரே குறையின் காரணம் பரம்பரையானதெனத் துணிந்தனர். வானிலைக் குறிப்பை மட்டும் அவர் இறப்பதற்கு முன்னாள் மாலைவரை எழுதியிருந்தார்.