வென்றும் பட்டம் இழந்த வீரர்

வெற்றி வேறு, வெற்றிக்குரிய பட்டம் வேறு. இவ்விரண்டும் ஒருங்கே ஒருவரைச் சென்றடைதல் உலக வழக்கெனினும், சிற்சில வேளைகளில் அவை வழி பிரிந்து போதலும் உண்டு. அங்ஙனம் பிரிந்த ஞான்று தம் தொழிலைக் கைவிடாது நின்ற ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம். அவர் ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்திற் பேர் பெற்ற ஆஸ்திரேலியர், புளூயி வில்கின்ஸன்.

ஆர்தர் ஜார்ஜ் வில்கின்ஸன் என்பது அவர்தம் இயற்பெயர். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூ சவுத் வேல்ஸில் மில்தார்ப் என்னும் சிற்றூரிற் பிறந்து, பாதர்ஸ்ட் நகரில் வளர்ந்தார். செந்நிற மயிருடையாரை நீலர் எனப் பொருள்படும் புளூயி என்னும் பெயரால் வேடிக்கையாக அழைப்பது அந்நாட்டு வழக்கம். அவ்வேடிக்கைப் பெயரே இவருக்கு நிலைத்துவிட்டது.

இப்பந்தயத்தின் இயல்பையும் சிறிது கூறுதல் வேண்டும். சாம்பலேனும் மண்ணேனும் பரப்பிய நீள்வட்டத் தடத்தில் நால்வர் ஒருங்கே புறப்பட்டு, இடப்புறமாகவே திரும்பி நான்கு சுற்று ஓட்டுவர். அவ்வண்டிக்கு பிரேக் என்பதே இல்லை. வளைவு வந்துழிப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு பூட்டிய இடக்காலைத் தரையில் உராயவிட்டுத் திரும்புதல் வேண்டும். ஒரு நிமிஷத்திற்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல்வருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, நான்காமவருக்கு யாதுமில்லை.

1929-இல், எம்மினும் இளைய பருவத்திலேயே, வில்கின்ஸன் கடல் கடந்து லண்டன் சென்று வெஸ்ட் ஹாம் குழுவிற் சேர்ந்தார். தொழின்முறை வீரராய் அவர் இங்கிலாந்தில் ஓட்டிய காலமெல்லாம் அக்குழுவிற்கே உழைத்தார். 1937-இல் அக்குழு நேஷனல் லீக் போட்டியில் முதலிடம் பெற்றது.

அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர்தம் பெருஞ்சோதனை நேர்ந்தது. 1936 செப்டம்பர் 10-ஆம் நாள், வெம்பிளி அரங்கில் முதல் உலகப் பட்டப் போட்டி நடைபெற்றது. காண வந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். பதினாறு வீரரும் தலைக்கு ஐந்து பந்தயம் ஓட்டினர். வில்கின்ஸன் ஐந்திலும் முதல்வராய் வந்து, பெறக்கூடிய 15 புள்ளியையும் பெற்றார். அன்றிரவு அவரை முந்தினார் எவருமிலர். ஆயினும் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. முந்திய சுற்றுக்களில் ஈட்டியதற்கேற்ப ஒவ்வொருவர்க்கும் ஊக்கப்புள்ளி கூட்டப்படும் என்பது அந்நாளைய விதி. அவ்வகையில் இவருக்குக் கிடைத்தது 10, கூடுதல் 25. லயனெல் வான் பிராக்கும் எரிக் லாங்டனும் 26 பெற்றனர். அவ்விருவரும் மீண்டும் ஓட, வான் பிராக் வென்றார். தோல்வியே காணாத வில்கின்ஸன் மூன்றாமவரானார்.

ஆண்டிறுதித் தேர்வில் முதல்வனாய் வந்த மாணவன், இடைத்தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டியபோது பின்தள்ளப்படுதல் போன்றது இது. விதி அநீதியானதென்று கூறுதற்கில்லை. ஒரு பருவத்து உழைப்பை மதித்தற்கே அது ஏற்பட்டது. ஆயினும் ஒரு புள்ளியால் இழந்தவர்தம் நெஞ்சின் வருத்தத்தை யாம் உணரக்கூடும்.

வில்கின்ஸன் தொடர்ந்து ஓட்டினார். 1938 செப்டம்பர் முதல் நாள் மீண்டும் அதே வெம்பிளியில் இறுதிப்போட்டி. முந்திய இரவு வேறொரு பந்தயத்தில் விழுந்து அவர்தம் காறையெலும்பு முறிந்திருந்தது. தோளை இறுகக் கட்டிக்கொண்டு வந்தார். வழுக்கும் வண்டியைத் தோள்வலியால் நிறுத்தவேண்டிய இப்பந்தயத்தில் அஃது எத்துணைத் துன்பம் என்பதைக் கூறவும் வேண்டுமோ? முடிவில் அவர் பெற்றது 22. முந்திய ஆண்டு வாகை சூடிய அமெரிக்கர் ஜாக் மில்ன் பெற்றது 21. ஊக்கப்புள்ளி விதி அப்பொழுதும் இருந்தது. ஒரு புள்ளியால் போன பட்டம் ஒரு புள்ளியாலேயே வந்தது.

அவ்வெற்றிக்குப்பின் பந்தயம் ஓட்டுதலை விடுத்து, 1939-இல் ஷெபீல்டு நகரத்துப் பந்தயங்களை நடத்தும் பொறுப்பேற்றார். அவ்வாண்டே மகாயுத்தம் மூள, பந்தயங்கள் நின்றன; தாய்நாடு திரும்பினார். பிரேக் இல்லா வண்டியில் பத்தாண்டு அபாயத்தோடு விளையாடியவர், 1940 ஜூலை மாதம் சிட்னி நகரத்துப் பொதுச் சாலையில் நேர்ந்த விபத்தில் மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 28.

வாகையர் வரிசையில் 1936-க்கு நேரே அவர்தம் பெயர் இல்லை. எனினும் அவ்விரவைக் கூறுவோர் அவரைக் கூறாது விடுவதில்லை. எண்ணிக்கை நம் கையிலில்லாதபோதும் ஓட்டம் நம் கையிலுண்டு என்பதே அவர் வாழ்க்கையினின்று யாம் கற்கும் பாடமாகும்.