ஊருக்கே அட்வைஸ் சொன்னவர், தனக்காக விட்ட வெற்றிடம்! - ‘ஆன் லேண்டர்ஸ்’ கதை

1975, ஜூலை 1. அமெரிக்காவுல அன்னிக்கு பேப்பரைப் பிரிச்சவங்களுக்கு ஒரு ஷாக். தினமும் படிக்கிற ‘ஆன் லேண்டர்ஸ்’ பகுதியோட கடைசியில கொஞ்சம் இடம் எழுத்தே இல்லாம காலியா இருந்துச்சு. பிரின்ட்டிங் மிஸ்டேக் இல்ல. 36 வருஷ தாம்பத்யம் முறிஞ்சுபோச்சுன்னு வாசகர்கள்கிட்ட சொல்லிட்டு, அந்த திருமணத்தோட நினைவா அதை எழுதுனவங்களே கேட்டு வாங்கி விட்ட இடம் அது.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்குறீங்களா? விவாகரத்து வேணாம், பொறுத்துப்போங்கன்னு வருஷக்கணக்கா அடுத்த வீட்டுப் பெண்களுக்கு எழுதிட்டு இருந்தவங்களே அவங்கதான்!

நிஜப் பெயர் எஸ்தர் பாலின். வீட்டுல எப்பி. அயோவா மாநிலத்தோட சூ சிட்டியில, 1918 ஜூலை 4-ம் தேதி பிறந்தாங்க. 17 நிமிஷம் கழிச்சு இரட்டைத் தங்கை பொறந்தாங்க. அவங்க பெயர், பாலின் எஸ்தர். (பேரை அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க!) 1939-ல ரெண்டு பேருக்கும் ஒரே மேடையில கல்யாணம்.

1955-ல ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ பத்திரிகையில ஆன் லேண்டர்ஸ்ங்கிற புனைபெயர்ல எழுதிட்டிருந்த ரூத் க்ரௌலி இறந்துபோக, அந்த இடத்துக்குப் போட்டி வெச்சாங்க. எப்பிக்கு பத்திரிகை அனுபவம் கிடையாது. ஆனா, பக்கத்து வீட்டு மரத்துல இருந்து விழுற வால்நட் யாருக்குச் சொந்தம்னு ஒரு கேள்வி வந்தப்போ, தனக்குத் தெரிஞ்ச உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸையே கேட்டு பதில் எழுதினாங்க. வேலை கிடைச்சிருச்சு. அடுத்த வருஷமே தங்கச்சியும் ‘டியர் அபி’ன்னு போட்டிக்கு ஒரு பகுதி ஆரம்பிக்க, அக்கா தங்கச்சி பல வருஷம் பேசிக்கவே இல்ல. குடும்பச் சண்டையைத் தீர்க்க வழி சொல்றவங்க வீட்டுலயே இந்த நிலைமை!

சரி, வாசகர்கள் என்ன நினைச்சாங்க? அதுதான் சுவாரஸ்யம். 1971-ல புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு செனட்டர்களுக்கு எழுதுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. லட்சக்கணக்குல கடிதங்கள் குவிஞ்சுது. அந்த வருஷ முடிவுலயே தேசியப் புற்றுநோய்ச் சட்டத்துல அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டார்.

அதே கையால தன்பாலின ஈர்ப்பை ஒரு நோய்னும் எழுதியிருக்காங்க. சட்டப்படி அவங்களைத் தண்டிக்கக் கூடாதுன்னு சொன்னாலும், அந்த வார்த்தை எத்தனை பதின்வயசுப் பசங்க மனசுல தச்சிருக்கும்? பின்னாடி கருத்தை மாத்திக்கிட்டாங்க, ஆனா ரொம்ப லேட். 1982-ல இன்னொரு பஞ்சாயத்து. பத்து, பதினஞ்சு வருஷப் பழைய கடிதங்களைப் புதுசு மாதிரி மறுபடி போட்டது வெளிய வர, ஆமான்னு ஒத்துக்கிட்டாங்க. நம்பிப் படிச்சவங்களுக்கு அது வலிச்சிருக்கும்தானே?

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு அவங்களைப் பிடிக்கும். தப்புன்னு தெரிஞ்சா, லட்சக்கணக்கான பேர் முன்னாடி தப்புன்னு சொல்லிடுவாங்க. விவாகரத்து விஷயத்துலயும் அப்படித்தான். புருஷன் இருந்தா நல்லா இருப்பீங்களா, இல்லாம நல்லா இருப்பீங்களான்னு பெண்கள் தங்களையே கேட்டுக்கச் சொல்ற அளவுக்கு மாறினாங்க. அந்த வெற்றிடம் வந்தப்போ, 30,000-க்கும் மேல ஆறுதல் கடிதங்கள் வந்துச்சு. அதுவரைக்கும் அவங்ககிட்ட ஆறுதல் கேட்டுட்டிருந்த வாசகர்கள் எழுதுனது!

2002 ஜூன் 22-ம் தேதி, 83 வயசுல புற்றுநோயால இறந்தாங்க. ஆன் லேண்டர்ஸ்ங்கிற பெயரை தனக்கப்புறம் யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்ததால, அந்தப் பெயரும் அதோட போச்சு. அவங்க எழுதுன மேஜை மட்டும் ஏலத்துக்கு வந்துச்சு. எடுத்தவர் டான் சாவேஜ். செக்ஸ் ஆலோசனைப் பகுதி எழுதுறவர், வெளிப்படையான தன்பாலின ஈர்ப்பாளர்.