நிறைவேறாத மசோதா: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்றப் பணி (1927–1930)

முன்னுரை

இந்தியப் பெண்களின் சட்டமன்ற வரலாறு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிலிருந்து தொடங்குகிறது. முதல் பெண் உறுப்பினர் என்ற சிறப்பே அவரைக் குறித்துப் பெரிதும் பேசப்படுகிறது. அவையின் ஆயுட்காலம் முடியும் தறுவாயில் அவர் கொண்டுவந்த மசோதாவும், அதனை முடிக்காமலே அவர் பதவி துறந்ததும் தனியே நோக்கத்தக்கவை. அவற்றை அவரது வாழ்க்கைப் பின்னணியில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886 சூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராசா கல்லூரியின் முதல்வர்; தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆணையால் அவருக்கு இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தாயின் மரபில் பெண்கள் பட்ட இழிவை வீட்டிலும், அதன் விளைவான நோய்களை மருத்துவமனையிலும் அவர் கண்டிருந்தார். பிற்காலச் சட்டப்பணிக்கு இவ்விரு அனுபவங்களும் அடிப்படையாயின.

அவைக்குள் மருத்துவர்

சென்னை மாகாணத்தில் பெண்கள் 1921இல் வாக்குரிமையும் 1926இல் சட்டமன்றத்தில் அமரும் உரிமையும் பெற்றனர். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமன உறுப்பினராகி, 1927இல் அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார். அவை அதனை ஏற்றது. ஆயினும் தீர்மானம் சட்டமாகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எனவே முதலில் நிலத்தின் பக்கம் திரும்பினார். தேவதாசியர் பலர் கோயில் ஊழியத்திற்கு ஈடாக இனாம் நிலங்களை அனுபவித்து வந்தனர். ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். ஆகவே அடுத்த தலைமுறைப் பெண் ஒருத்திக்கும் பொட்டுக்கட்ட வேண்டிய நெருக்கடி இருந்தது. 1926ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு அவர் கொண்டுவந்த திருத்தம் 1929இல் சட்டமாகி, நிலத்தை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. வழக்கத்தைத் தாங்கிய பொருளாதாரக் கட்டு இவ்வாறு தளர்ந்தது.

இறுதிக் கூட்டத்தொடர்கள்

அடுத்த படி, பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்குவது. இதற்கான மசோதாவை 1930இன் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்தார். அவ்வவையின் காலம் அவ்வாண்டோடு முடிய இருந்தது. தனி உறுப்பினரின் மசோதா அறிமுகம், கருத்தறிதல், தெரிவுக்குழு, பிரிவுவாரி விவாதம் எனப் பல நிலைகளைக் கடந்தாக வேண்டும். அலுவல் சாரா உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட நாள்களோ சில. வைதிகர்கள் இதனைச் சமயத்தில் தலையீடு என்றனர். தேவதாசியர் சங்கங்கள் தம் வாழ்வாதாரமும் கலையும் அழியும் என்று மனுக்கள் அளித்தன. மசோதா பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது.

இந்நிலையில் 1930 மே மாதத் தொடக்கத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்திய காந்தியடிகள் கைதானார். முத்துலட்சுமி பதவி விலகினார். பதவியில் நீடித்திருந்தால் மசோதாவுக்கு வாதாட ஒரு குரல் அவையில் இருந்திருக்கும். நீடிப்பதோ, நாடே எதிர்த்த அரசின் நியமனத்தில் தொடர்வதாகும். இரண்டையும் ஒருங்கே காக்க இயலாத நிலையில் அவர் இரண்டாவதைத் துறந்தார். மசோதா அந்த அவையில் சட்டமாகவில்லை.

அவைக்கு வெளியே

சட்டம் நின்ற இடத்தில் பணி நிற்கவில்லை. அவ்வாண்டே, அடைக்கலம் தேடிவந்த பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்த 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள். சென்னை அவையின் சட்டம் சுதேச சமத்தானமான புதுக்கோட்டையைக் கட்டுப்படுத்தாது; ஆதலால் 1930இல் மசோதா வென்றிருப்பினும் அவர் பிறந்த மண்ணுக்கு அது எட்டியிராது. 1948 மார்ச்சில்தான் புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய அவர், 1968 சூலை 22 அன்று மறைந்தார்.

முடிவுரை

முத்துலட்சுமியின் சட்டமன்றக் காலம் நான்காண்டுகளையும் எட்டவில்லை. அதில் ஒரு சட்டம் நிறைவேறியது, மற்றொன்று எஞ்சியது. முன்னது நிலத்தை விடுவித்தது. பின்னது விவாதத்தைத் தொடங்கிவைத்தது. நிறைவேறிய சட்டங்களை மட்டும் எண்ணி உறுப்பினர் ஒருவரின் பணியை அளவிடுதல் போதாது என்பதையும், அவையில் எஞ்சிய மசோதா அடுத்த தலைமுறையின் சட்டத்திற்கு வித்தாகலாம் என்பதையும் அவரது வாழ்க்கை புலப்படுத்துகிறது.