வில்லியம் சீலி கொசெட்

வில்லியம் சீலி கொசெட் (ஜூன் 13, 1876 – அக்டோபர் 16, 1937) இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியலாளரும் வேதியியலாளரும் ஆவார். ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதியவர். தரக் கட்டுப்பாட்டில் பரவலாகப் பயன்படும் டி-சோதனை இவரது ஆய்விலிருந்து பிறந்ததாகும்.

வாழ்க்கை

கான்டர்பரியில் பிறந்த கொசெட், ஆக்ஸ்போர்டின் நியூ கல்லூரியில் கணிதமும் வேதியியலும் பயின்று, 1899 இல் டப்ளின் நகரின் கின்னஸ் பியர் ஆலையில் சேர்ந்தார். இறுதிவரை அந்நிறுவனத்திலேயே பணியாற்றினார். பல்கலைக்கழகப் பதவி எதையும் வகிக்கவில்லை.

சிறு மாதிரிகள்

பியரின் தரம் வாற்கோதுமை, ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றின் தரத்தைச் சார்ந்தது. இவற்றின் ஒவ்வொரு தொகுதியையும் நூற்றுக்கணக்கான முறை சோதித்தல் இயலாது. நான்கைந்து அளவீடுகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அக்காலப் புள்ளியியல் முறைகளோ பெரிய மாதிரிகளுக்கென உருவானவை. மாதிரி சிறிதாகும்போது, அதிலிருந்து கணிக்கப்படும் திட்ட விலக்கமே நம்பகமற்றதாகிவிடும். அதனால் தற்செயலான வேறுபாடும் உண்மையான தரக்குறைவாகத் தோன்றி, நல்ல தொகுதி தள்ளப்படக்கூடும்.

1906-07 இல் இலண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் தங்கி இச்சிக்கலை ஆராய்ந்தார். 3000 குற்றவாளிகளின் உயரம், இடக்கை நடுவிரல் நீளம் ஆகியவற்றை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 மாதிரிகளைக் கொண்டு தம் கோட்பாட்டைச் சரிபார்த்தார். கணினி இல்லாக் காலத்தில் இது பொறுமையைக் கோரும் வேலையே. முடிவுகள் 1908 இல் பயோமெட்ரிகா இதழில் வெளியாயின. ஆலையின் வணிக இரகசியம் கருதியே புனைபெயர் பயன்படுத்தப்பட்டது.

சோதனை முறை

தொகுதியின் சராசரி, குறித்த தர அளவிலிருந்து வேறுபடவில்லை என்பது இன்மைக் கருதுகோள். மாதிரிச் சராசரிக்கும் குறித்த அளவுக்கும் உள்ள வேறுபாட்டைத் திட்டப் பிழையால் வகுத்தால் டி மதிப்பு கிடைக்கும். ஐந்து விழுக்காட்டு மட்டத்தில், பெரிய மாதிரிக்கு இதன் எல்லை 1.96, நான்கு அளவீடுகளுக்கோ 3.18. அதாவது, நான்கு அளவீடுகளில் டி மதிப்பு 2.5 என வந்தால், பழைய முறைப்படி தொகுதி தள்ளப்படும். கொசெட்டின் முறைப்படி அதற்குப் போதிய சான்று இல்லை.

தாக்கம்

கொசெட்டின் முடிவைக் கணித முறையில் நிறுவியவர் ரொனால்டு பிஷர். இன்றைய டி வடிவம் 1920களில் நிலைபெற்றது. ஒரு கருதுகோளை மாற்றுக் கருதுகோளுடன் ஒப்பிட்டே மறுக்க வேண்டும் என்று 1926 இல் ஈகோன் பியர்சனுக்குக் கொசெட் எழுதிய கடிதம், நெய்மன்-பியர்சன் கோட்பாட்டுக்கு வித்திட்டது.

கொசெட் 1935 இல் இலண்டன் பார்க் ராயல் ஆலைக்கு மாற்றப்பட்டார். 1937 இல் கின்னஸ் நிறுவனத்தின் தலைமை மதுவடிப்பாளராகி, அவ்வாண்டிலேயே காலமானார்.