காப்டன் லின்னேயஸ் டிரைப்

ஜெயங்கொண்டத்திற்கு அணித்தாயுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலின் புறமதில், 1836-ஆம் ஆண்டிலே கொள்ளிடத்திற் கீழணை கட்டுதற்பொருட்டுத் தகர்க்கப்பட்டது. அணையால் வயல்கள் செழித்தன. ஆயின், அம்மதில் நின்ற கோலத்தைக் காட்டும் புகைப்படம் ஒன்றேனும் இல்லை, இருத்தலும் இயலாது. புகைப்படக்கலை உலகறிய வெளிப்பட்டது 1839-ஆம் ஆண்டிலேயாம்.

இவ்விழப்பை எண்ணி வருந்துவார்க்கு லின்னேயஸ் டிரைப் என்பாரது வரலாறு ஆறுதலளிக்கும். அவர் 1822-ல் இங்கிலாந்திலுள்ள டெவன்போர்ட் நகரிற் பிறந்தார். இளமையிலேயே கும்பினியாரது சென்னைப் பட்டாளத்திற் சேர்ந்தார். விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றிருந்தபொழுது புகைப்படக்கலை பயின்று, மீண்டுவந்து, 1854-ல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டிற் பர்மா சென்ற தூதுக்குழுவுடன் அனுப்பப்பெற்றார்.

1856-ல் சென்னை அரசாங்கத்தார் அவரைத் தம் புகைப்படக்காரராக நியமித்தனர். 1857 டிசம்பர் முதற்கொண்டு சில மாதங்கள் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய இடங்களிற் பிரயாணஞ் செய்தார். மெழுகூட்டிய பெரிய தாள்களிலேயே பெரும்பாலும் படமெடுத்தார். அவற்றில் ஒளி நெடுநேரம் படவேண்டும். ஆதலின் நடமாடும் மாந்தர் பதியார். அசையாத கல்லோ தெளிவுறப் பதியும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலே ஓடும் சாசனத்தை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்கோயிற் சாசனங்களை ஹுல்ட்சு என்னும் அறிஞர் நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-ல் என்பதை நோக்குங்கால், டிரைப் எத்துணை முற்பட்டவர் என்பது விளங்கும்.

1859-ல் கவர்னராய் வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இம்முயற்சியை வீண்செலவெனக் கருதி நிறுத்திவிட்டார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அரசாங்கத்தார்க்குப் பொருள்முட்டு நேர்ந்தது உண்மையே. ஆயினும் அன்று மிச்சமான பணம் இன்று எவர்க்கும் நினைவில்லை. எடுத்த படங்களோ நிலைத்திருக்கின்றன. டிரைப் பட்டாளத் தொழிலுக்கே மீண்டார். பின்னர் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902-ல் தாம் பிறந்த ஊரிலேயே காலமானார்.

மாணவ நண்பர்களே, அவர் வண்டியேற்றிச் சுமந்த படப்பெட்டி இன்று நம் சட்டைப்பையில் அடங்கிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்து நந்தியின் முன்னின்று நம்மைப் படமெடுத்துக்கொள்ளும் நாம், ஒருமுறையேனும் அதனைக் கல்லெழுத்தின் பக்கம் திருப்புவோமாக. மதிலுக்கு நேர்ந்த கதி எழுத்திற்கு நேராதிருக்கட்டும்.